அண்ணாச்சிகிட்ட கேளுங்க: 21 நாள்ல மூளை மாறிருமா?

கேள்வி: அண்ணாச்சி, நான் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில ஒரு ஜவுளிக்கடையில பில் போடுதேன். மொதலாளி மொகத்த தூக்கி வச்சிருந்தா நாமதான் என்னமோ தப்பு பண்ணிட்டோம்னு தோணுது. எங்க வீட்டுக்காரவ லாரி ஓட்டுதாவ, போன் எடுக்கலைன்னா என்னமோ ஆயிட்டுன்னு நெஞ்சு படபடன்னு அடிக்கி, எடுக்குத வரைக்கும் கூப்பிட்டுக்கிட்டே இருப்பேன். 21 நாள் நல்லதையே நெனச்சா மூளை மாறிரும்னு வீடியோல சொல்லுதாவளே, நெசமா?

பதில்: அந்த 21ஐ மொதல்ல தூக்கிப் போடுங்க தங்கச்சி. மேக்ஸ்வெல் மால்ட்ஸ்னு அமெரிக்காவுல ஒரு பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர், ஆபரேஷன் பண்ணின மூஞ்சி நமக்கே பழகுததுக்கு கொறஞ்சது 21 நாளாவது ஆவும்னு 1960ல எழுதினாரு, அதுல இருந்த ‘கொறஞ்சது’ எங்கயோ விழுந்துபோச்சு, 21 மட்டும் ஊரு சுத்துது. தண்ணி குடிக்கது, நடக்கது மாதிரி சின்ன பழக்கம் படியுததுக்கே சராசரி 66 நாள், ஆளப்பொறுத்து 18ல இருந்து 254 நாள்னு லண்டன்ல ஒரு ஆராய்ச்சி கணக்கு சொல்லுது. நடுவுல ஒருநாள் விட்டுப்போனாலும் பெருசா ஒண்ணும் கெடலையாம், அது நமக்கு நல்ல சேதி.

மூளை மாறும், அதுல சந்தேகமில்ல. ஆனா ‘கெட்டத நெனைக்கக்கூடாது’ன்னு பல்லக் கடிச்சா மாறாது. 1987ல டேனியல் வெக்னர்ங்கிறவரு வெள்ளைக் கரடிய மட்டும் நெனைக்காதீங்கன்னு ஆளுகளை ஒக்கார வச்சாரு, கரடி வந்துக்கிட்டேதான் இருந்துச்சு, பெறவு நெனைக்கலாம்னு விட்டதும் இன்னும் கூடுதலா வந்துச்சு.

உங்க விஷயத்துல எனக்குப் படுதது என்னன்னா, நெனப்ப விட கைதான் வினை. திரும்பத் திரும்ப கூப்பிடுதீங்க, அவிய எடுத்ததும் அப்பாடான்னு இருக்கு, அந்த அப்பாடாவத்தான் மூளை கூலியா வாங்கிக்கிட்டு அடுத்த வாட்டியும் பயந்து காட்டுது. ஒரு தடவை கூப்பிடுங்க, எடுக்கலையா, போனை வச்சிட்டு ஒரு துண்டு பேப்பர்ல எழுதுங்க: என்ன நடந்துச்சு, மனசு என்ன சொல்லுது, வேற என்னவா இருக்கலாம். ‘எல்லாம் நல்லபடியா நடக்கும்’னு எழுதாதீங்க, உங்களுக்கே நம்பிக்கை வராது. ‘ஸ்டியரிங் பிடிச்சிருப்பாவ, போன வாரமும் இப்படித்தான், ராத்திரி சாப்பிட நிறுத்தும்போது கூப்பிட்டாவ’, இப்படி நடந்தத வச்சே எழுதுங்க. ஆரன் பெக்குங்கிற மனநல டாக்டர் 1960கள்ல ஆரம்பிச்ச வைத்தியமும் கிட்டத்தட்ட இதுதான். மொதலாளி விஷயத்துக்கும் இதே பேப்பர்தான், அவருக்கு வட்டி கட்டுத நாளாக்கூட இருக்கும்!

பழைய பயம் அழிஞ்சிரும்னு மட்டும் எதிர்பாக்காதீங்க. பாளையங்கால்வாயில மடைய மாத்தினா தண்ணி புது வயலுக்குப் போவும், அதுக்காவ பழைய வாய்க்கா தூந்தா போயிரும்? உறக்கம் கெட்ட நாள்ல, வீட்ல சண்டை வந்த நாள்ல அது திரும்ப வரும், வந்தா எல்லாம் வீணாப்போச்சுன்னு அர்த்தமில்ல.

உறக்கமே இல்லாம, சோறு எறங்காம ரெண்டு வாரம் தாண்டுச்சுன்னா நம்ம பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரில மனநல டாக்டரைப் பாருங்க. இல்லன்னா 14416க்கு கூப்பிடுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி போன், எந்நேரமும் தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

கேள்வி: அம்பாசமுத்திரத்துல இருந்து குரூப் 4க்கு படிக்கேன். காலையில கண்ணாடி முன்னால ‘நான் ஜெயிப்பேன்’னு சொன்னா பலன் உண்டா அண்ணாச்சி?

பதில்: உங்க மேல உங்களுக்கு ஏற்கெனவே நல்ல மதிப்பு இருந்தா கொஞ்சம் உண்டு தம்பி. தன்னை மட்டமா நெனைக்க ஆளுக இந்த மாதிரி சொன்னப்போ மனசு இன்னும் சோந்துதான் போச்சுன்னு 2009ல கனடாவுல பாத்திருக்காவ. அதுக்குப் பதிலா ‘டீ குடிச்ச கையோட பத்து கணக்கு போடுவேன்’னு சொல்லிப் பாருங்க, கண்ணாடி தேவையில்ல.