ஒரே ஆண்டு நாணயம் இரண்டு, விலை மட்டும் ஏன் மலைக்கும் மடுவுக்கும்?

ஒன்று சல்லிசாகக் கிடைத்திருக்க, அதே ஆண்டின் இன்னொரு வெள்ளி நாணயத்துக்கு ஏன் இவ்வளவு கொடுத்தீர்கள் என்று உங்கள் மனைவி கேட்கிறார். நியாயமான கேள்வி. வாயால் விளக்காதீர்கள், கண்ணால் பார்க்கட்டும்.

மேசையில் மெத்தென்ற துணியை விரித்து, மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரே விளக்கின் கீழ் இரண்டையும் வையுங்கள். விளிம்பை மட்டும் பிடித்து மெல்லச் சாய்க்கச் சொல்லுங்கள். விலை கூடிய, தேயாத நாணயத்தில் ஒளிப்பட்டை சக்கரம்போல் சுற்றிவரும். அச்சடிக்கும் அழுத்தத்தில் உலோகம் வெளிப்பக்கமாக ஓடியபோது விழுந்த நுண்கோடுகள் செய்யும் வேலை அது. பாலிஷ் போட்டால் அவை போய்விடும். பிறகு என்ன செய்தாலும் திரும்பாது. (இதை அவரிடம் அழுத்திச் சொல்லுங்கள். நல்லெண்ணத்தில் யாராவது தேய்த்துவிடுவதுதான் பெரிய ஆபத்து.) அடுத்து 10 மடங்கு லென்ஸில், நாணயத்தில் உள்ள உருவத்தின் கன்னம், தலைமுடி போன்ற மேடான இடங்களைக் காட்டுங்கள். தேய்மானம் அங்கேதான் தொடங்கும்.

அவருடைய கவலை பணம்தான் என்றால், 'முதலீடு' என்று சமாளிக்காதீர்கள். வாங்கிய தேதி, விலை, எடை, இன்று விற்றால் கையில் நிற்கும் தொகை என ஒரு பட்டியல் கொடுங்கள். கடைசியதற்கு, விற்பவர்கள் கேட்கும் விலையை அல்ல, ஏலம் முடிந்த விலையில் கமிஷன் போக மிஞ்சுவதை எழுதுங்கள். மாத வரம்பை இருவரும் சேர்ந்தே முடிவுசெய்யுங்கள்.