எம்.ஏ.எம். ராமசாமி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை வளர்த்தாரா, கெடுத்தாரா?

"ஏறக்குறைய 30 வருடம் ஒரே ஆள் இணைவேந்தராக இருந்தும் பல்கலைக்கழகம் ஏன் சம்பளம் போடவே திணறும் நிலைக்குப் போனது, அவர்தான் காரணமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கடலூர் முதுநகர்க்காரன், சிதம்பரத்தில் படித்தவன், அதனால் கொஞ்சம் பாசத்தோடுதான் எழுதுவேன், கழித்துக்கொண்டு படியுங்கள். இரண்டையும் அவர்தான் செய்தார். அதுவும் ஒரே குணத்தால் செய்தார் என்பதுதான் என் கருத்து.

முதலில் இணைவேந்தர் என்றால் என்ன என்று பார்க்க வேண்டும். மற்றப் பல்கலைக்கழகங்களில் அமைச்சருக்குக் கொடுக்கிற பதவி அது, பட்டமளிப்பு விழாவில் அங்கி போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் போதும். இங்கே கதை வேறு. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1920-ல் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கி, அதையெல்லாம் சேர்த்து 20 லட்சம் ரூபாயும் கொடுத்துத்தான் 1929-ல் பல்கலைக்கழகம் வந்தது. அந்தக் காலத்து 20 லட்சம்! அதற்குப் பதிலாக 1928-ம் வருடச் சட்டம் நிறுவனருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் நிர்வாகத்தில் உரிமை கொடுத்தது. துணைவேந்தராக யாரைப் போடலாம் என்று பெயர்ப் பட்டியல் தருவதே நிறுவனர்தான். அப்படி வந்த துணைவேந்தர் யார் முகத்தைப் பார்ப்பார், சென்னையில் இருக்கும் ஆளுநர் முகத்தையா?

தாத்தாவுக்குப் பிறகு 1948-ல் அப்பா முத்தையா செட்டியார், அவர் 1984-ல் இறந்த பிறகு மகன் ராமசாமி. சர்ச்சைகள் இவரோடு தொடங்கவில்லை. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் மாணவர் ராஜேந்திரன் செத்தது, 1971-ல் இன்னொரு மாணவர் உதயகுமாரின் மரணம், எல்லாம் அப்பா காலம். ராஜேந்திரன் சிலையைத் தாண்டித்தான் நாங்கள் தினமும் வகுப்புக்குப் போனோம்.

ராமசாமிக்கு வெளியில் வேறு முகங்கள் உண்டு. குதிரைப் பந்தய உலகில் அவர் பெரிய புள்ளி. 1975-ல் இந்தியா ஹாக்கி உலகக்கோப்பை வாங்கியபோது ஹாக்கி சம்மேளனத் தலைவர் அவர்தான், இது நம்மில் பல பேருக்குத் தெரியாது. கர்நாடகத்திலிருந்து ராஜ்யசபாவுக்குக்கூடப் போனார். ஆனால் எங்கள் பக்கத்தில் அவர் வேலை கொடுக்கிற ராஜா, அவ்வளவுதான்.

நான் படித்தபோது மீட்டர்கேஜ் பாசஞ்சர் ஓடியது. காலையில் முதுநகரில் ஏறினால் பாதிப் பெட்டி யுனிவர்சிட்டி ஆட்கள். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் தூக்குச்சட்டியோடு ஏறுவார்கள், மடியில் தினத்தந்தியை விரித்துச் சீட்டாட்டம் நடக்கும், சிதம்பரத்தில் வண்டி நின்றால் பெட்டி காலி. லேப் அட்டெண்டர், கிளார்க், தோட்ட வேலை, ஆஸ்பத்திரி ஆயா. "எப்போ ரெகுலர் பண்ணுவாங்க?" என்பதுதான் அந்தப் பெட்டியின் தேசியப் பாட்டு. என்.எம்.ஆர். (நிரந்தரமில்லாத தினக்கூலி) ஆளாக உள்ளே நுழைந்துவிட்டால் போதும், என்றைக்காவது ராஜா பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில் 10 வருடம் ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். எங்கள் மாவட்டத்தில் நெய்வேலியை விட்டால் மாதச் சம்பளம் தர வேறு யார் இருந்தார்கள்?

1985-ல் மருத்துவக் கல்லூரி வந்தது. புவனகிரி, காட்டுமன்னார்கோவில், சீர்காழி ஜனங்களுக்கு நள்ளிரவில் பிரசவ வலி என்றால் ராஜா முத்தையா ஆஸ்பத்திரிதான். இதைச் சொல்லாமல் அவரைத் திட்டினால் அது நியாயமில்லை.

ஆனால் கணக்கு? இத்தனை துறைக்கு இத்தனை ஆள் என்று யாரும் உட்கார்ந்து எண்ணியதாகத் தெரியவில்லை. பண்ணையார் வீட்டில் வந்தவனுக்கெல்லாம் இலை போடுகிற மாதிரி போட்டுக்கொண்டே போய், கடைசியில் எண்ணிக்கை 12,000-ஐத் தாண்டியது. (யாருக்கு எப்படி வேலை கிடைத்தது என்று டீக்கடைகளில் ஆயிரம் கதை உண்டு, நான் அதற்குள் போகவில்லை.) இந்தச் சம்பளத்தையெல்லாம் தாங்கியது தொலைதூரக் கல்வி. நாடு முழுக்கப் படிப்பு மையங்கள், அஞ்சலில் பாடப் புத்தகம், வருடாவருடம் கட்டணம். அப்புறம் அந்த ஊற்றிலேயே கல் விழ ஆரம்பித்தது. அடிப்படைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலை முறையில் வாங்கிய முதுகலைப் பட்டம் செல்லாது என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் இந்தப் பல்கலைக்கழகத்தின் வழக்கிலேயே சொல்லிவிட்டது. எம்.ஏ. சான்றிதழை நம்பிப் பதவி உயர்வுக்குக் காத்திருந்தவர்கள் பாடு பெரும்பாடு.

2012 கடைசியில் சம்பளக் குறைப்பு, ஆட்குறைப்பு என்று பேச்சு எழுந்ததும் ஊழியர்கள் வீதிக்கு வந்தார்கள். 2013 ஏப்ரலில் அரசு ஷிவ்தாஸ் மீனா என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரியை நிர்வாகியாகப் போட்டது, அதே வருடம் புதுச் சட்டம் வந்தது, வாரிசு உரிமை போனது. மூன்று தலைமுறை நாற்காலி சில மாதத்தில் காலி. அவர் திருடினார் என்று நான் சொல்லமாட்டேன். "ஏன் இவ்வளவு பேர்?" என்று கேட்க ஒருவருக்கும் அதிகாரம் இல்லாத நாற்காலியில் 29 வருடம் உட்கார்ந்திருந்தார், கேட்க விரும்பும் ஆளை அவரும் பக்கத்தில் வைத்துக்கொள்ளவில்லை, அதுதான் அவர்மேல் என் குற்றச்சாட்டு.

சரி, அரசு எடுத்ததும் பாலும் தேனும் ஓடியதா என்றால் இல்லை. உபரி ஊழியர்களைப் பணி நிரவல் என்று தமிழ்நாடு முழுக்க அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பினார்கள். மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். கட்டணம் வருடத்துக்கு 5 லட்சத்துக்கு மேல் அப்படியே தொடர்ந்தது. அரசுக் கல்லூரிக் கட்டணம் கேட்டு மாணவர்கள் 2020 டிசம்பரில் உட்கார்ந்து, வாரக்கணக்கில் போராடிய பிறகு, 2021-ல்தான் அந்தக் கல்லூரி சுகாதாரத் துறைக்குப் போனது. ராஜா போய் ஏழெட்டு வருடம் ஆகியும் ராஜா காலத்துக் கட்டணம்! இதற்கும் அவரையே திட்டுகிறவர்களை நான் ஒத்துக்கொள்வதில்லை.

அவருடைய கடைசி வருடங்களில் வளர்ப்பு மகனோடு அவர்களுடைய குடும்பத் தொழிலான செட்டிநாடு குழுமத்தில் நடந்த சண்டை பேப்பரில் நாறியது. அது குடும்ப விவகாரம், உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை. 2015 டிசம்பர் 2-ம் தேதி இறந்தார், 84 வயது. கடலூரே வெள்ளத்தில் மிதந்த வாரம் அது.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற அட்டெண்டர் ஒருவர் இருக்கிறார். இப்போது இணைவேந்தர் யார் தாத்தா என்று கேட்டேன். உயர்கல்வி அமைச்சர் என்று சரியாகத்தான் சொன்னார். பெயர் கேட்டதற்கு, "இப்போ யாரு ஆட்சிப்பா?" என்றார்.