பழைய ஸ்கேன் எங்கே?

வணக்கம் ஐயா,

2 வருடம் முன்பு அம்மாவுக்கு இடது மார்பில் புற்றுநோய். கீமோ, அறுவை சிகிச்சை, ரேடியேஷன் எல்லாம் முடிந்து 14 மாதம் ஆகிறது. நோய் திரும்பாமலிருக்க லெட்ரோசோல் மாத்திரை போட்டுக்கொண்டிருக்கிறார். போன மாதம் இருமல் விடாததால் நெஞ்சுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் 4 மி.மீ., 5 மி.மீ. அளவில் இரண்டு புள்ளிகள் இருக்கின்றன, என்னவென்று உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறது ரிப்போர்ட். டாக்டர் மூன்று மாதம் கழித்துத் திரும்ப எடுக்கலாம் என்கிறார். இருமல் நின்றுவிட்டது. அம்மாவிடம் வெறும் சளி என்று சொல்லிவைத்திருக்கிறோம். நான் ராத்திரி முழுக்க போனில் தேடிக்கொண்டிருக்கிறேன். உடனே பெட் ஸ்கேன் எடுத்துவிடலாமா? ரத்தத்தில் புற்றுநோயின் அடையாளம் தேடும் டியூமர் மார்க்கர் பரிசோதனை? சித்தி முள்சீத்தா கஷாயம் கொடுக்கச் சொல்கிறார். ஆரம்பத்தில் எடுத்த பெட் ஸ்கேன் ரிப்போர்ட் இருக்கிறது, படம் பதிந்த குறுந்தகடு வீடு மாறும்போது தொலைந்துவிட்டது. இந்த மூன்று மாதத்தை எப்படிக் கடப்பது?

ர., கரூர்

அன்புள்ள ர.,

கஷாயம் வேண்டாம். மார்க்கரும் வேண்டாம், 5 மி.மீ. புள்ளி என்னவென்று அது சொல்லாது. பயப்படுவதற்கு இன்னொரு எண் கிடைக்கும், அவ்வளவுதான்.

தகடு தொலைந்ததை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முக்கியமாகப்பட்டது அந்த வரிதான். இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ஏற்கனவே நினைத்துக்கொண்டிருந்தேன். நகையையும் பத்திரத்தையும் பீரோவில் பூட்டும் குடும்பங்கள் ஸ்கேன் தகட்டை மட்டும் பழைய பேப்பரோடு போட்டுவிடுகின்றன. புதிய ரிப்போர்ட்டின் மேல்பகுதியைப் பாருங்கள். பெரும்பாலும் 'கம்பாரிசன்' (ஒப்பீடு) என்று ஒரு வரி இருக்கும். பழைய படம் கிடைக்கவில்லை என்று அங்கே எழுதியிருந்தால், ஸ்கேனைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டரான ரேடியாலஜிஸ்ட் உறுதியாகச் சொல்லாததற்குப் பெரிய காரணம் அதுவாக இருக்கலாம். இரண்டு வருடம் முன்பும் அதே இடத்தில் அதே அளவில் அந்தப் புள்ளிகள் இருந்திருந்தால், பழைய தழும்பு என்று வைத்துக் கிட்டத்தட்ட மூடிவிடக்கூடிய விஷயம் இது. காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டில் அப்படிப்பட்ட தழும்புகள் எத்தனையோ நெஞ்சுகளில் இருக்கின்றன.

பழைய ரிப்போர்ட்டில் நுரையீரல் சுத்தம் என்று இருந்தால், இது புதிதுதானே என்று கேட்பீர்கள். அவசரப்படாதீர்கள். பெட் ஸ்கேனோடு எடுக்கும் சி.டி. பல இடங்களில் குறைந்த கதிர்வீச்சில், மூச்சைப் பிடிக்கச் சொல்லாமல் எடுப்பது. நுரையீரலின் அடிப்பகுதி அசைந்துகொண்டே இருப்பதால் சின்னப் புள்ளிகள் கலங்கி மறைந்துவிடும். சி.டி. உடம்பை ரொட்டித் துண்டுகள்போல வெட்டு வெட்டாகப் படம் எடுக்கிறது; 5 மி.மீ. தடிமனில் வெட்டிய படத்தில் தெரியாதது 1 மி.மீ. படத்தில் தெரியும். இருந்ததா இல்லையா என்பதைப் பழைய படத்தைத் திரும்பத் திறந்து, இடம் தெரிந்துகொண்டு பார்த்தால்தான் சொல்ல முடியும். ரிப்போர்ட் காகிதம் இதற்கு உதவாது. பிலிம் ஷீட்டும் உதவாது. பிலிமைப் போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது சுத்தமாக உதவாது.

ஆகவே பழைய பில்லோடு அந்த ஸ்கேன் சென்டருக்குப் போங்கள். எடுத்த தேதியும் நோயாளி எண்ணும் சொன்னால், அவர்கள் சர்வரில் இன்னும் வைத்திருந்தால் மறுபடி தகடு போட்டுத் தருவார்கள். 'டைகாம்' கோப்புகள் (மெஷின் பதிவு செய்த அசல் படங்கள்) முழுவதும், மெல்லிய வெட்டுகளோடு வேண்டும் என்று கேளுங்கள். அங்கேயே ஒரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். காலித் தகடும் கையில் வருவதுண்டு. வீட்டுக்கு வந்ததும் முழு போல்டரையும் பென் டிரைவில் ஏற்றுங்கள்.

அங்கே கிடைக்காவிட்டாலும் இன்னொரு படம் இருக்கிறது. குடும்பங்கள் அதை ஸ்கேன் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ரேடியேஷன் தொடங்குவதற்கு முன் ஒரு நாள், கையைத் தலைக்கு மேல் தூக்கிப் படுக்கவைத்துத் தோலில் அடையாளம் போட்டார்கள் அல்லவா? அன்று எடுத்தது ஒரு சி.டி. ஸ்கேன்தான். கதிர் எந்தக் கோணத்தில் போக வேண்டும் என்று திட்டமிட எடுப்பது என்றாலும், நுரையீரல் முழுவதும் அதில் விழுந்திருக்கும். ரேடியேஷன் பிரிவில் 'சிமுலேஷன் சி.டி.' அல்லது 'பிளானிங் சி.டி.' வேண்டும் என்று கேளுங்கள். வெட்டுகள் கொஞ்சம் தடிமனாக இருக்கும், ஆனாலும் 5 மி.மீ. புள்ளி அதில் தெரிய வாய்ப்பு உண்டு. கிடைத்ததை இப்போது ரிப்போர்ட் எழுதிய ரேடியாலஜிஸ்டிடமே கொடுத்து, ஒப்பிட்டு 'அடெண்டம்' (ரிப்போர்ட்டுக்குப் பின்சேர்க்கை) எழுதித் தரச் சொல்லுங்கள்.

பெட் ஸ்கேன் ஏன் வேண்டாம்? கதிரியக்கச் சர்க்கரை மருந்தை ஏற்றி, அதை அதிகம் இழுக்கும் இடம் ஒளிர்கிறதா என்று பார்ப்பது அது. 8 மி.மீ.க்குக் கீழே அதை நம்ப முடியாது. ஒளிராவிட்டால் புற்றுநோய் இல்லை என்று ஆகாது. ஒளிர்ந்தால் பழைய தொற்றாகவும் இருக்கலாம். 5 மி.மீ. புள்ளியில் ஊசி போட்டுச் சோதனைக்குத் துணுக்கு எடுப்பதும் கடினம். டாக்டர் மூன்று மாதம் என்றதற்குக் கணக்கு இருக்கிறது. 90 நாளில் கன அளவு இரட்டிப்பாகும் புள்ளிகூட 5 மி.மீ.யிலிருந்து 6.3 மி.மீ. ஆகும், அவ்வளவுதான். மூன்று வாரத்தில் எடுத்தால் 5.3. அந்த வித்தியாசத்தை யாராலும் நம்பிச் சொல்ல முடியாது. அளப்பவர் மாறினாலே 1 மி.மீ. மாறும். அதே சமயம், 6 மி.மீ.க்குக் கீழே இருந்தால் விட்டுவிடலாம் என்று போனில் படித்துவிட்டு ஸ்கேனை ரத்து செய்யாதீர்கள். அந்த விதி புற்றுநோய் வந்தவர்களுக்கானது அல்ல.

அடுத்த ஸ்கேன் அதே சென்டரில், அதே மெஷினில், 1 மி.மீ. வெட்டில் எடுக்கட்டும். புள்ளியைத் தொடர்ந்து பார்க்க மட்டும் என்றால் படம் பளிச்சென்று தெரியப் போடும் கான்ட்ராஸ்ட் ஊசி பொதுவாகத் தேவையில்லை; டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சளி, காய்ச்சல் இருக்கும் வாரத்தில் எடுக்க வேண்டாம். ஆழமாக மூச்சிழுத்துப் பத்து நொடி அசையாமல் பிடிக்க அம்மாவைப் பழக்குங்கள்.

எதற்கு என்று தெரியாமல் அவர் எப்படிப் பழகுவார்? கீமோவையும் அறுவை சிகிச்சையையும் தாங்கியவரிடம் 5 மி.மீ. புள்ளியை மறைக்கிறீர்கள். வீட்டில் குசுகுசுவென்று பேசுவது அவர் காதில் விழாது என்றா நினைக்கிறீர்கள்? அவர் கற்பனை செய்துகொண்டிருப்பது இந்த ரிப்போர்ட்டைவிட மோசமானதாக இருக்கும். அவருடைய உடம்பு, அவருடைய ரிப்போர்ட். இன்றைக்கே சொல்லுங்கள். சளி என்று சொன்னது தப்பு என்றும் சொல்லுங்கள்.

மூன்று மாதத்தைக் கடப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஸ்கேன் தேதியையும் டாக்டரைப் பார்க்கும் தேதியையும் இப்போதே ஒன்றாகக் குறியுங்கள், நடுவில் ஒரு நாளுக்கு மேல் வேண்டாம். ரிப்போர்ட் இரவில் போனுக்கு வந்தால் திறக்காதீர்கள், டாக்டர் முன்னால் திறங்கள். லெட்ரோசோல் ஒரு நாளும் நிற்கக் கூடாது. மூச்சிரைப்பு, இருமலில் ரத்தம், ஓய்விலும் விடாத முதுகுவலி, புதிதாகத் தொடங்கிய தலைவலி, இவற்றில் எது வந்தாலும் குறித்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள்.