மாநகராட்சி குத்தகைக்கு எடுக்கும் கட்டடம்: வரி கட்டுபவர் வழக்குத் தொடர முடியுமா?

சேலம் அம்மாபேட்டை வாசகர் ஒருவரின் கேள்வி: "அமெரிக்காவின் சான் டியாகோ நகர நிர்வாகம் அலுவலகத்துக்காக ஒரு கட்டடத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சிக்கிக்கொண்டதையும், வரி கட்டும் ஒருவர் அதை எதிர்த்து வழக்குப் போட்டதையும் படித்தேன். நாளை நம் ஊர் மாநகராட்சி அப்படி ஒரு தனியார் கட்டடத்தை நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்தால், அரையாண்டுதோறும் சொத்து வரி கட்டுபவன் என்ற தகுதியில் நான் நீதிமன்றம் போகலாமா? எங்கிருந்து தொடங்குவது?"

போகலாம். ஆனால் அங்கே அந்த வழக்கு நின்ற சட்டம் வேறு, இங்கே நீங்கள் நிற்க வேண்டிய இடம் வேறு. நகரின் பணம் சட்டத்துக்கு மாறாகச் செலவாவதைத் தடுக்கும்படி வரி கட்டுபவரே வழக்குத் தொடரலாம் என்று கலிபோர்னியாவில் 1909 முதல் ஒரு சட்டப்பிரிவு இருக்கிறது. சான் டியாகோ நகரம் 2017 தொடக்கத்தில் 19 மாடிக் கட்டடம் ஒன்றை, 20 ஆண்டுகள் தவணை கட்டி முடித்தால் சொந்தமாகிவிடும் என்ற நிபந்தனையுடன் குத்தகைக்கு எடுத்தது. ஊழியர்கள் குடியேறியது 2019 டிசம்பரில்தான். நுரையீரலுக்குக் கேடான ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்ததால் அடுத்த மாதமே காலி செய்ய நேர்ந்தது. இது குத்தகை என்ற பெயரில் வாங்கிய நீண்டகாலக் கடன், வாக்காளர் ஒப்புதல் இல்லாமல் வாங்கியது செல்லாது என்பதே வரி கட்டியவரின் வாதம். 2022-ல் நகரம் கட்டட உரிமையாளர் தரப்புடன் சமரசம் செய்துகொண்டு கட்டடத்தை விலைக்கு வாங்கியது.

நம் நாட்டில் வரி கட்டுபவருக்கென்று அப்படித் தனிப்பிரிவு கிடையாது. அரசமைப்புச் சட்டத்தின் 226-வது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவாகவோ (அரசு அமைப்பின் சட்டமீறலைத் தடுக்கக் கோரும் மனு) பொதுநல வழக்காகவோதான் வர வேண்டும். உடுப்பி நகராட்சி ஒரு திரையரங்குக்குக் கொடுத்த அனுமதியை எதிர்த்து அப்பகுதிவாசி தொடர்ந்த வழக்கில், நகராட்சி தன் அதிகாரத்தை மீறினால் அங்கு குடியிருப்பவர் கேள்வி கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1974-லேயே ஏற்றுக்கொண்டது. ஆகவே நீங்கள் யார் என்பது பெரிய தடையாக இருக்காது. வழக்கு நிற்குமா என்பதை முடிவுசெய்வது உங்கள் கையில் இருக்கும் ஆவணங்கள்தான்.

வாடகை அதிகம் என்பது மட்டும் உங்கள் வாதமானால் வீட்டிலேயே இருந்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். டாடா செல்லுலார் வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த வழி இன்றும் மாறவில்லை: நீதிமன்றம் முடிவின் நன்மை தீமையை எடைபோடாது, முடிவு எடுக்கப்பட்ட முறையைத்தான் பார்க்கும். மாமன்றத்தின் முன் முழு விவரம் வைக்கப்பட்டதா, வேறு கட்டடங்கள் பரிசீலிக்கப்பட்டனவா, பொதுப்பணித் துறையின் நியாய வாடகைச் சான்று கேட்டுப் பெறப்பட்டதா என்பவையே அங்கே எடுபடும் கேள்விகள். சான் டியாகோ போலத் தவணை கட்டிச் சொந்தமாக்கும் ஏற்பாடாக இருந்தால் இன்னொரு கேள்வியும் சேரும். உள்ளாட்சி அமைப்புகள் கடன் வாங்குவதை 1914-ஆம் ஆண்டின் உள்ளாட்சிக் கடன் சட்டம் கட்டுப்படுத்துகிறது. குத்தகை என்று பெயரிட்டு அதைத் தாண்டிச் செல்லப் பார்க்கிறார்களா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

முதல் வேலை, பத்திரத்தைக் கையில் வாங்குவது. இதற்கு மாநகராட்சியின் தயவு தேவையில்லை என்பது பலருக்குத் தெரியாது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தின் 17-வது பிரிவு. அப்படிப் பதிவானதன் சான்றிட்ட நகலைக் கட்டணம் செலுத்தும் எவரும் பெறலாம் என்கிறது அதன் 57-வது பிரிவு. கட்டடம் இருக்கும் பகுதிக்குரிய சார்பதிவாளர் அலுவலகத்தில், சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். குத்தகை பதிவாகியிருந்தால் ஆவண எண் அதிலேயே வந்துவிடும். வில்லங்கத்தில் ஒன்றுமே வராவிட்டால், பதினொரு மாத ஒப்பந்தமாகப் போட்டுப் புதுப்பித்து வருகிறார்களா என்று சந்தேகிக்க இடமுண்டு.

நகல் வந்ததும் வாடகைத் தொகையில் கண்ணை நிறுத்திவிடாதீர்கள். வாடகை ஓடத் தொடங்கும் தேதியும் கட்டடம் ஒப்படைக்கப்படும் தேதியும் ஒன்றுதானா என்று பாருங்கள். "கட்டடத்தை உள்ளது உள்ளபடியே ஏற்றுக்கொள்கிறோம்" என்ற வரி இருந்தால் அடிக்கோடிடுங்கள்; பழுதின் செலவு யார் தலையில் விழும் என்பது அந்த ஒரு வரியில் முடிந்துவிடும். முன்பணம், ஆண்டுதோறும் ஏறும் விகிதம், இடையில் காலி செய்யும் உரிமை ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மற்றவை தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே வர வேண்டும். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். "ஏன் இவ்வளவு வாடகை?" என்று எழுதினால் பதில் வராது, ஏனெனில் சட்டம் பதிவேட்டில் இருப்பதைத்தான் தரச் சொல்கிறது. "இக்கட்டடம் குறித்து நிறைவேறிய மாமன்றத் தீர்மானத்தின் நகல், அதனுடன் மன்றத்தின் முன் வைக்கப்பட்ட அலுவலகக் குறிப்பின் நகல், நியாய வாடகைச் சான்றின் நகல்" என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் பயனில்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். வணிக ரகசியம் என்று மறுத்தால், பொதுநலன் அதைவிடப் பெரிதானால் தரலாம் என்று சட்டமே சொல்வதை மேல்முறையீட்டில் எடுத்துக்காட்டுங்கள். உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை இந்தச் செலவுக்குத் தணிக்கைத் தடை (செலவு முறையாக இல்லை என்ற ஆட்சேபம்) எழுதியிருக்கிறதா என்றும் தனியே கேளுங்கள். அப்படி ஒரு தடை இருந்தால் உங்கள் மனுவுக்கு அதைவிட வலுவான துணை வேறில்லை.

முறைகேடு என்பதற்கான அடையாளம் ஆவணங்களிலேயே தெரிந்தால், செலவு குறைந்த வழியான உள்ளாட்சி முறைமன்ற நடுவத்தில் (உள்ளாட்சி அமைப்புகள் மீதான புகார்களை விசாரிக்கும் அமைப்பு) முதலில் புகார் கொடுக்கலாம். வழக்குத்தான் என்று முடிவெடுத்தால், சேலம் மாவட்டம் சென்னையில் உள்ள முதன்மை அமர்வின் எல்லைக்குள் வருகிறது. மதுரைக் கிளைக்குப் போக வேண்டாம். பொதுநல வழக்குகளுக்கென்று உயர் நீதிமன்றம் 2010-ல் தனி விதிகள் வகுத்திருக்கிறது. உங்களுக்குச் சொந்த ஆதாயம் இல்லை என்று பிரமாணப் பத்திரம் தர வேண்டும்; கட்டட உரிமையாளருடனோ, வாய்ப்பை இழந்த போட்டியாளருடனோ உங்களுக்குத் தொடர்பு இருப்பது பின்னால் தெரியவந்தால், அபராதத்துடன் தள்ளுபடியாகும்.

ரிட் மனுவுக்குக் குறிப்பிட்ட காலக்கெடு இல்லை என்ற தைரியத்தில் தள்ளிப்போடாதீர்கள். முன்பணம் கைமாறி, உட்புற வேலைகள் முடிந்து, அலுவலகமும் இயங்கத் தொடங்கிய பிறகு வந்தால், தாமதம் ஒன்றையே காரணம் காட்டி மனுவை ஒதுக்கிவிடலாம். குத்தகைத் தீர்மானம் மாமன்றப் பொருள் நிரலில் வரும் என்று தெரிந்த அன்றே, உங்கள் ஆட்சேபத்தை ஆணையாளருக்கு சேர்ப்புச் சான்றுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பிவிட்டு, அந்தச் சான்றையும் கடிதத்தின் நகலையும் சேர்த்து வையுங்கள்.