250 கிராமுக்குக் குறைவான ட்ரோனுக்குப் பதிவு வேண்டாமா?

கேள்வி: எங்கள் மாந்தோப்பைப் பூக்கும் பருவத்தில் மேலிருந்து படம்பிடிக்க வேண்டும் என்று என் மகன் சிறிய ட்ரோன் ஒன்றை வாங்கப் பார்க்கிறான். அதன் எடை 249 கிராம்தான். 250 கிராமுக்குக் குறைந்தால் பதிவு, உரிமம், காப்பீடு எதுவும் தேவையில்லை என்று கடைக்காரர் அடித்துச் சொல்கிறார். துபாயிலிருந்து வரும் உறவினரோ அதைவிடக் குறைந்த விலைக்குத் தாமே வாங்கி வருவதாகச் சொல்கிறார். என்ன செய்யலாம்?
(காவேரிப்பட்டணம் வாசகர்)

பதில்: கடைக்காரர் சொன்ன மூன்றில் இரண்டு சரி, ஒன்று தவறு. 2021 ஆகஸ்ட் 25 அன்று அறிவிக்கப்பட்ட ட்ரோன் விதிகளின்படி, சுமையும் சேர்த்து 250 கிராம் வரை எடையுள்ளவை நேனோ வகையாகும்; அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறிய வகை. நேனோ ட்ரோனை இயக்குபவருக்கு உரிமம், அதாவது தொலை இயக்குநர் சான்றிதழ், தேவையில்லை. மூன்றாம் நபர் காப்பீடும் கட்டாயமில்லை. ஆனால் இந்த இரண்டு விலக்குகளையும் சேர்த்துப் பதிவுக்கும் விலக்கு என்று பலர் படித்துவிடுகிறார்கள். பதிவெண்ணாகிய தனி அடையாள எண்ணைப் பெறாமல் ட்ரோனை இயக்கக் கூடாது என்ற விதியில் நேனோ வகைக்கு விலக்கு இல்லை. பதிவுக் கட்டணம் 100 ரூபாய்தான். பதிவு முழுவதும் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் இணையதளம் வழியாகவே நடக்கிறது. விதிமீறலுக்கான அபராதம் 1 லட்சம் ரூபாய் வரை போகலாம் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த 100 ரூபாயை மிச்சப்படுத்துவதில் பொருளில்லை.

249 என்ற எண்ணையும் சற்று ஐயத்தோடு பாருங்கள். அது பெட்டியிலிருந்து எடுத்த கருவியின் எடை. மாங்கிளையில் இறக்கை அடிபடாமல் இருக்கப் பாதுகாப்பு வளையத்தை மாட்டினாலோ, அதிக நேரம் பறப்பதற்காகப் பெரிய பேட்டரியைப் போட்டாலோ 250 கிராமைத் தாண்டி அது மைக்ரோ வகையாகிவிடும். சொந்தத் தோப்பைப் பொழுதுபோக்காகப் படம்பிடிக்கும்வரை மைக்ரோ வகைக்கும் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் உங்கள் மகன் அதே கருவியைக் கூலிக்கு ஒரு திருமண மண்டபத்தில் பறக்கவிட்ட அன்றே சான்றிதழ் தேவைப்படும். அதைப் பெற 18 வயது நிறைந்து, பத்தாம் வகுப்புத் தேறி, அனுமதி பெற்ற ட்ரோன் பயிற்சிப் பள்ளியில் பயிற்சி முடித்திருக்க வேண்டும். வீட்டில் தங்கம் நிறுக்கும் சிறிய மின்தராசு இருந்தால், பறப்பதற்கு ஆயத்தமான நிலையிலேயே கருவியை ஒருமுறை நிறுத்துப் பாருங்கள்.

துபாய் ஏற்பாட்டை விட்டுவிடுங்கள். முழுதாகப் பொருத்தப்பட்ட ட்ரோன்களையும், பிரித்த நிலையில் வரும் முழுத் தொகுப்புகளையும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதற்கு 2022 பிப்ரவரி 9 முதல் தடை இருக்கிறது. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற தேவைகளுக்கு மட்டுமே விலக்கு. உதிரிப் பாகங்களுக்குத் தடையில்லை. உறவினரின் பெட்டியில் வரும் கருவியை விமான நிலையத்திலேயே சுங்கத்துறை எடுத்துக்கொள்ளக்கூடும். தப்பி வந்தாலும் பதிவுக்குக் காட்ட முறையான ரசீது இருக்காது. உள்நாட்டுத் தயாரிப்பை வாங்குங்கள். பில்லில் கருவியின் வரிசை எண்ணைக் கடைக்காரர் எழுதித் தந்தாரா என்று கடையை விட்டு வருவதற்கு முன்பே பாருங்கள்.

கேள்வி: பதிவெண் வந்துவிட்டது. அதை ட்ரோனில் எங்கே, எப்படி எழுதுவது?
(பாலக்கோடு வாசகி)

பதில்: 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த பழைய விதிமுறை, தீயில் எரியாத தகட்டில் எண்ணைப் பொறித்துப் பொருத்தச் சொன்னது. விழுந்து தீப்பிடித்த பிறகும் கருவி யாருடையது என்று தெரிய வேண்டும் என்பதே அதன் காரணம். அந்தக் காரணம் இன்றும் செல்லுபடியாகும். பெரிய கருவியென்றால் சிறிய அலுமினியத் தகடு நல்லது. நேனோ வகையில் தகட்டின் எடையே கருவியை வேறு வகைக்குத் தள்ளிவிடக்கூடும் என்பதால், அழியாத மையில் அச்சிட்ட ஸ்டிக்கரை ஒட்டி மேலே ஒளிபுகும் டேப்பைப் போடுவது போதும்.

எங்கே ஒட்டுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். காரிமங்கலத்துக்கு அருகே புளியமரத்தில் சிக்கிக்கொண்ட ட்ரோன் ஒன்றைத் துறட்டிக்கோலால் இறக்கியபோது நானும் உடனிருந்தேன். உரியவர் பதிவெண்ணைப் பேட்டரியின் மேல் அழகாக ஒட்டியிருந்தார். மோதிய வேகத்தில் அந்தப் பேட்டரி தனியாகக் கழன்று கேழ்வரகுக் கொல்லையில் விழுந்து கிடந்தது, மரத்திலிருந்து இறங்கிய கருவியிலோ ஓர் எழுத்துக்கூட இல்லை. ஆகவே கழற்றக்கூடிய பேட்டரி, மூடி, இறக்கை, மடங்கும் கை ஆகியவற்றை விட்டுவிட்டு நடு உடலில் ஒட்டுங்கள். அடிப்பக்கத்து உணரிகளையும் காற்றுத் துளைகளையும் மறைக்காதீர்கள். எண்ணோடு கைபேசி எண்ணையும் எழுதினால் கண்டெடுத்தவர் நேராக உங்களை அழைப்பார்; இது சட்டம் சொல்வதல்ல, என் யோசனை.

உங்கள் பதிவெண் கருவியின் வரிசை எண்ணோடு மட்டுமன்றி, உள்ளேயுள்ள பறப்புக் கட்டுப்பாட்டுப் பலகை, கையிலுள்ள ரிமோட் ஆகியவற்றின் வரிசை எண்களோடும் இணைக்கப்பட்டிருக்கிறது. இவற்றில் எதைப் பழுதுக்குப் பின் மாற்றினாலும், புதிய எண்ணைப் பதிவில் சேர்த்த பிறகே பறக்கவிட வேண்டும்.

கேள்வி: பதிவு செய்த ட்ரோனை ஒகேனக்கல்லிலும் ஓசூரிலும் பறக்கவிடலாமா?
(பென்னாகரம் வாசகர்)

பதில்: பதிவெண் கருவிக்கு உரியது, இடத்துக்கான அனுமதி அதில் அடங்காது. அரசின் வான்வெளி வரைபடத்தில் பச்சை நிறமுள்ள பகுதியில் 400 அடி உயரம் வரை முன் அனுமதியின்றிப் பறக்கலாம். இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் இந்த உயரம் 200 அடியாகக் குறையும். மஞ்சளில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதியும், சிவப்பில் மத்திய அரசின் அனுமதியும் வேண்டும். ஓசூர்ப் பக்கம் பேளகொண்டப்பள்ளியில் தனியார் விமான ஓடுதளம் இருப்பதால் வரைபடத்தைப் பாராமல் கருவியை எடுக்காதீர்கள். அதையும் பறக்கும் நாளன்றே பார்க்க வேண்டும். முக்கியப் பிரமுகர் வருகை போன்ற தருணங்களில் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஒரு பகுதியை 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்க முடியும்.

ஒகேனக்கல் அருவியைச் சுற்றிக் காப்புக்காடு. அப்பகுதிக் காடுகளில் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமும் அடங்கும். வரைபடம் பச்சை காட்டினாலும் வனத்துறையின் அனுமதி தனியாக வேண்டும். ட்ரோனின் இரைச்சல் யானைகளை மிரளச் செய்யும். மிரண்ட யானை எந்த ஊர்ப் பக்கம் இறங்கும் என்று தேன்கனிக்கோட்டை விவசாயிகளிடம் கேட்டால் சொல்வார்கள்.

கேள்வி: என் பழைய ட்ரோனை நண்பருக்கு விற்கிறேன். ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டால் போதுமா?
(ஊத்தங்கரை வாசகர்)

பதில்: போதாது, கிழிக்கவும் வேண்டாம், எண் கருவியோடு சேர்ந்தது. பதிவு செய்த அதே இணையதளத்தில் டி-3 படிவத்தில் உரிமை மாற்றத்தைப் பதிந்து, 100 ரூபாய் கட்டணம் செலுத்துங்கள். அது நடக்கும்வரை நண்பர் கருவியை எங்கே விழவைத்தாலும் பதிவேட்டில் இருப்பது உங்கள் பெயர்தான். விபத்து நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் இயக்கியவர் அதே தளத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதையும் நண்பருக்குச் சொல்லி அனுப்புங்கள்.