தாத்தா கட்டிய டிராக்டரை எங்கிருந்து சரிசெய்யத் தொடங்குவது?

கேள்வி: பழைய லாரி, கார் பாகங்களைச் சேர்த்து என் தாத்தா தன் கையாலேயே கட்டிய பெட்ரோல் டிராக்டர் பல வருடமாக ஓடாமல் கிடக்கிறது. எஞ்சின் ஜாம். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கியர்பாக்ஸ் இருக்கிறது, ஒன்றை எடுத்துவிடலாமா? முழுசாகப் பிரித்து, துருவும் பழைய பெயிண்டும் போக மணல் அடித்து, புது பெயிண்ட் அடிக்க ஆசை.

பதில்: மணல் அடிப்பதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். கம்பெனி வண்டிக்குக் கையேடு இருக்கும். உங்கள் தாத்தாவின் வண்டிக்கு அந்த வண்டியேதான் கையேடு. எங்கே வாஷர் அடுக்கியிருக்கிறார், எந்த பிராக்கெட்டை ஏன் சாய்த்து வைத்தார் என்பதெல்லாம் பிரித்துப்போட்ட பிறகு தெரியாது. அதனால் முதல் நட்டைக் கழற்றும் முன்பே எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். எஞ்சின் பிளாக், கியர்பாக்ஸ், ஆக்சில் கூடுகளில் வார்ப்பு எண்கள் புடைத்திருக்கும். நனைத்து, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, காய்ந்ததும் மேலே சாக்பீஸைப் படுக்க வைத்து இழுத்தால் எண் பளிச்சென்று தெரியும். எது எந்த வண்டியிலிருந்து வந்தது என்று அதை வைத்துப் பிடித்துவிட்டால் கேஸ்கெட் (பாகங்களுக்கு நடுவே கசிவைத் தடுக்கும் தகடு), கிளட்ச் தட்டு தேடுவது பாதி முடிந்த மாதிரி. பேரிங்குக்கு அதன் மேலேயே எண் இருக்கும், ஆயில் சீலுக்கு உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றும் அளந்தால் போதும்.

அப்புறம் எஞ்சின். ஆயில் வடிக்கும்போது முதலில் தண்ணீர் வருகிறதா பாருங்கள். நிறைய வந்தால் ஹெட் கேஸ்கெட்டையோ பிளாக்கில் விரிசலையோ சந்தேகப்படலாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி, நாள்கணக்கில் ஊற விடுங்கள். பிறகு கிராங்க் ஷாஃப்ட்டை, அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டை, நீளக் கம்பியால் முன்னும் பின்னுமாக, கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள். கியரில் போட்டு இன்னொரு வண்டியால் இழுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம், பிஸ்டனை அந்தத் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடக்கூடும்.

இரண்டாவது கியர்பாக்ஸை எடுக்காதீர்கள். அமெரிக்காவில் 1930-களில், புது டிராக்டர் வாங்க வழியில்லாத விவசாயிகள் பழைய ஃபோர்டு கார்களை இப்படித்தான் டிராக்டராக்கினார்கள். கார் கியர் உழவுக்கு வேகம் அதிகம். முன்னால் இருக்கும் கியர்பாக்ஸில் 4:1 (உள்ளே நாலு சுற்றுக்கு வெளியே ஒரு சுற்று), பின்னால் இருப்பதிலும் 4:1 என்றால் மொத்தம் 16:1, வேகம் குறைந்து இழுவை கூடும். ஆனால் இரண்டையும் தாழ்ந்த கியரில் வைத்து முழு பாரம் இழுத்தால், அந்த முறுக்குக்குச் செய்யப்படாத ஆக்சில் முறிந்துவிடக்கூடும். நிதானமாக ஓட்டுங்கள்.

அவர் போட்ட வெல்டிங்கைத் தேய்த்து மட்டமாக்க வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். மேடும் பள்ளமுமான அந்தத் தையல்கள் அவருடைய கையெழுத்து. விரிசல் இருக்கிறதா என்று சாயம் தடவிச் சோதித்து, விட்ட இடத்தை மட்டும் சேருங்கள். ஸ்டியரிங், பிரேக், இழுவைக் கொக்கி மூன்றிலும் மட்டும் பழமை பார்க்காதீர்கள். கொக்கி பின் ஆக்சில் மையத்துக்கு மேலே இருந்தால் பாரம் இழுக்கும்போது முன்சக்கரம் தூக்கி வண்டி பின்பக்கமாகக் கவிழக்கூடும், கீழே இறக்கியே ஆக வேண்டும்.

பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸும் பழைய பெயிண்டில் ஈயமும் இருக்கக்கூடும். காற்றடித்து ஊதாதீர்கள், உலரத் தேய்க்காதீர்கள். பெட்ரோல் டேங்க் காலியாக இருந்தாலும் உள்ளே ஆவி நிற்கும், நீங்களே வெல்டிங் வைக்க வேண்டாம்.

பெயிண்ட் கடைசி வேலை. அவர் அடித்த வண்ணம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால், சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவிட்டு, மெல்லிசாக எண்ணெய் பூசி அப்படியே விட்டுவிடலாம், நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன்.