டிரிஃப்ட் அடிக்க எத்தனை ஆயிரம்?

கார் ரேஸ் கேமில் வளைவு வந்தாலே சுவரில் மோதுகிறேன், டிரிஃப்ட் வரவில்லை. ஆடுவது கீபோர்டில். ஸ்டீயரிங் வீல் வாங்கிவிடலாமா?
– கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை

வேண்டாம் தம்பி. இரு கையிலும் பிடித்து ஆடும் நல்ல கேம்பேட் ஒன்று போதும். கீபோர்டில் பட்டனை அழுத்தினால் முழு ஆக்ஸிலரேட்டர், விட்டால் பூஜ்யம். டிரிஃப்டோ, அதாவது காரைச் சறுக்கவிட்டே வளைவைக் கடப்பது, இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. வளைவில் நுழையும்போது ஹேண்ட்பிரேக்கைத் தட்டினால் பின்சக்கரம் பிடி விடும். பின்பக்கம் வெளியே ஓடும்போது ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பி, ஆக்ஸிலரேட்டரை அரைகுறையாகப் பிடித்தபடி சறுக்கலை நீட்ட வேண்டும். எஞ்சின் விசை பின்சக்கரத்துக்குப் போகிற காராக எடுங்கள். முன்சக்கரம் இழுக்கிற கார், ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததுமே நிமிர்ந்துகொள்ளும்.

பேட் வாங்கும்போது ட்ரிக்கர், அதாவது ஆக்ஸிலரேட்டராக அழுத்தும் விரல் பட்டன், கொஞ்சம் கொஞ்சமாக அழுந்துகிறதா என்று விரலால் பாருங்கள். மலிவு பேடுகள் சிலவற்றில் அது வெறும் சுவிட்ச். அதற்கு உங்கள் கீபோர்டே மேல்.

புதுச்சேரி கடையில் 6,500 ரூபாய்க்கு வீல் வாங்கினேன். பெட்டியில் 'ஃபோர்ஸ் ஃபீட்பேக்' என்று இருக்கிறது. ஆனால் கிர்ரென்று அதிர்வதோடு சரி. திருப்பப் போனால், 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் இருப்பதைக் காட்டுகிறார்கள்.
– மஞ்சக்குப்பம், கடலூர்

உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். நிஜமான ஃபோர்ஸ் ஃபீட்பேக் வீலில், அதாவது லாஜிடெக் ஜி29 போன்றவற்றில், உள்ளே மோட்டார் உண்டு. 900 டிகிரி சுற்றும். காரின் பின்பக்கம் சறுக்கியதும் ஸ்டீயரிங் தானாகவே எதிர்ப்பக்கம் ஓடும். கையைத் தளர்த்தி ஓடவிட்டு, சரியான இடத்தில் பிடிப்பதுதான் உங்கள் வேலை. மோட்டார் இல்லாத வீலில் ஸ்பிரிங்கோ ரப்பரோ எந்நேரமும் நடுவுக்கே இழுக்கும். டிரிஃப்ட் பழக அதைவிட மோசமான வாத்தியார் கிடையாது. என்னிடமும் அப்படி ஒன்று இருந்தது. அடியில் இருந்த ரப்பர் கப் மேசையைப் பிடித்ததே இல்லை. இப்போது பக்கத்து வீட்டுக் குழந்தை அதை வைத்துக்கொண்டு திண்ணையில் பிஆர்டிசி பஸ் ஓட்டுகிறது.

அந்த பில் வாசகத்துக்கு வருகிறேன். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நேரு வீதியில் செருப்பு வாங்கினாலும் அது, திருப்பாப்புலியூரில் மிக்ஸி வாங்கினாலும் அது. ஏதோ அரசாணை மாதிரி அச்சடித்துவிடுகிறார்கள், நாமும் படித்துவிட்டுப் பேசாமல் திரும்பி வருகிறோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. இல்லாத வசதியை இருப்பதாகச் சொல்லி விற்பதும் முறையற்ற வணிகம்தான். பில் தர மறுப்பதும்கூட.

பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள், அந்த எழுத்துதான் உங்கள் சாட்சி. படம் எடுத்துக்கொண்டு முதலில் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். கடை மசியவில்லையா, மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கியது புதுச்சேரி என்பதற்காக அங்கே அலைய வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் கடலூரிலேயே மனு போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. மனு போடக் கெடு 2 ஆண்டு, ஆனால் அதுவரை ஆறப்போடாதீர்கள்.

ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கிய ரேஸ் கேம் என் லேப்டாப்பில் ஓடவில்லை. 9 மணி நேரம் ஆடியதாகச் சொல்லிப் பணம் தர மறுக்கிறார்கள்.
– வில்லியனூர்

ஓடாத கேமை 9 மணி நேரம் ஆடினீர்களா? வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குள் ஆடியிருந்தால்தான் கேட்டதும் கிடைக்கும்.

கேமுக்குள் கார் வாங்குகிறேன் என்று பையன் என் கார்டில் 2,300 ரூபாயைக் காலி செய்துவிட்டான். கம்பெனி மேல் புகார் கொடுக்கலாமா?
– நெல்லிக்குப்பம்

ஓடிபி உங்கள் போனுக்குத்தானே வந்தது, அம்மா? அதை அவனிடம் சொன்னது யார்? முதலில் கார்டை அந்தக் கணக்கிலிருந்து எடுங்கள்.

ஞாயிறு சந்தையில் வாங்கிய பழைய கேம்பேட். கை வைக்காமலேயே கார் இடதுபக்கம் போகிறது.
– முதலியார்பேட்டை

கட்டைவிரலால் திருப்பும் ஸ்டிக்கின் அடியில், திருப்பத்தை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்திருக்கும். செட்டிங்கில் 'டெட் ஸோன்' (ஸ்டிக் அசைந்தாலும் கேம் கண்டுகொள்ளாத நடுப்பகுதி) அளவைக் கொஞ்சம் கூட்டினால் இழுப்பது நிற்கும். ஆனால் ஸ்டிக்கை லேசாகத் திருப்பினால் கார் கேட்காது. டிரிஃப்டுக்கு அந்த லேசான திருப்பம்தான் முக்கியம். அடுத்த முறை காந்தத்தால் வேலை செய்யும் 'ஹால் எஃபெக்ட்' ஸ்டிக் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள், அதில் இந்தத் தேய்மானம் கிடையாது. சந்தைக்காரரிடம் பில் வாங்கினீர்களா என்று நான் கேட்கப்போவதில்லை.